நெஞ்சளவா, தொடையளவா?

எங்கள் குடும்பத்தில் காணி வழக்கு எதுவும் இல்லை. அந்தக் குறை தெரியாமல் இருக்க ஒரு ஸ்னோ வழக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாதி அத்தான், எதிரி நான். 1999 ஜனவரியில் ரொறன்ரோவில் ஸ்னோ எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்பதுதான் வழக்கு.

"இந்தா, இவ்வளவு," என்று அத்தான் எழும்பி நின்று, நெஞ்சுக்குக் குறுக்கே கையை வைத்துக் காட்டுவார். பிறந்தநாள் விழா, அந்தியேட்டி, புதுமனை புகுவிழா, எதுவானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கை ஒருமுறை நெஞ்சுக்குப் போகும். முந்தி இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. வருடா வருடம் ஏறி ஏறி நெஞ்சுக்கு வந்துவிட்டது என்பது என் கட்சி. "நீ வந்ததே 98 நவம்பரிலை. உனக்கு என்ன தெரியும்?" என்பது அவருடைய கட்சி. அவர் 86இல் வந்தவர். கனடாவில் எங்கள் ஆட்களிடையே, முதலில் வந்தவருக்கே குளிரைப் பற்றிக் கதைக்க உரிமை அதிகம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இலங்கையில், எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் வாழையிலையிலிருந்து சொட்டுவது. தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனால் போதும். இங்கே கொட்டுவதை அந்தப் பெயரால் கூப்பிட வாய் வராது. பேச்சில் எங்களுக்கு இது ஸ்னோதான். எழுத்திலும் அப்படியே இருக்கட்டும்.

99 ஜனவரி 2, சனிக்கிழமை. நாங்கள் அப்போது சென் ஜேம்ஸ் ரவுனில், பதினாலாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் ஆறு பேர். நான் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. அன்று காலை ஜன்னலால் பார்த்தால் கீழே கார் தரிப்பிடம் இல்லை. வெள்ளைச் சீலையை உதறி விரித்த மாதிரி ஒரு வெளி, அதில் சின்னச் சின்ன மேடுகள். ஒவ்வொரு மேடும் ஒரு கார். சந்தோசமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அக்காவின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப்போய், அத்தானின் பழைய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: "அதுக்குள்ளை ஏன் ராசா நிக்கிறாய்? தடிமன் பிடிக்கும்."

சந்தோசம் ஒரு கிழமைதான். 2ஆம், 3ஆம் திகதிகளில் 40 சென்ரிமீற்றர் அளவில் கொட்டியது. அது கரைய முதல் அடுத்தது, அதற்கு மேல் இன்னொன்று. அதுதான் 99இன் விசேசம். ஒரே நாளில் வானம் பொத்துக்கொண்டு விழவில்லை. கடன்காரன் மாதிரி திரும்பத் திரும்ப வந்தது. நடுவில் குளிர் விடவில்லை, வெயிலும் எட்டிப் பார்க்கவில்லை. முதல் நாள் தள்ளியதை எங்கே தள்ளுவது என்றே இரண்டாம் நாள் தெரியாது. சுரங்க ரயிலின் திறந்தவெளிப் பகுதிகள் மூடப்பட்டன. இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்து, பஸ் வராமல், நடுத்தெருவில் கார்ச் சில்லு போன தடத்தில் நடந்து வீட்டுக்கு வந்தேன். நடைபாதை என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

ஜனவரி 13ஆம் திகதி மேயர் மெல் லாஸ்ட்மன் அவசரநிலை அறிவித்து இராணுவத்தைக் கூப்பிட்டார். ஆறு நகராட்சிகளை ஒன்றாக்கிப் பெரிய ரொறன்ரோ உருவாகி அப்போது ஒரு வருடம்தான். தேசிய பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஆர்ட் எகிள்டன், அவரும் முன்னாளில் இதே ஊரின் மேயர். நானூறுக்கு மேற்பட்ட படையினர் வந்து இறங்கினார்கள். பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்துகூட ஆட்களும் ஸ்னோ அள்ளும் இயந்திரங்களும் வந்தன. மற்ற மாகாணக்காரர் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கொஞ்ச ஸ்னோவுக்கு இராணுவத்தைக் கூப்பிட்ட ஊர் என்ற பட்டம் ரொறன்ரோவுக்கு இன்றுவரை போகவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, காலை வேளை, பாலுக்காகப் பார்லிமென்ற் வீதிக்குப் போனேன். மூலை திரும்பினால் பச்சை நிற இராணுவ வாகனம் ஒன்று நிற்கிறது. சீருடையோடு ஐந்தாறு பேர். என் கால் தானாக நின்றது. வலது கை தானாக ஜக்கெற்றின் உள்பையைத் தடவியது. ஊரில் ஆமிக்காரன் மறித்துக் கேட்கும் அடையாள அட்டையைத் தேடுகிறது! அந்த அட்டை என்னிடம் இல்லாமல் போய் மாதக்கணக்காகிவிட்டது. ஆனால் கைக்கு அது தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினால் சந்தேகப்படமாட்டார்கள் என்று மூளை ஒரு கணக்குப் போடுகிறது. அப்போதுதான் பார்த்தேன், அவர்கள் கையில் இருந்தது ஷவல். ஸ்னோவுக்குள் புதைந்துபோன தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெடியன், என்னைவிட இளையவனாக இருப்பான், மூக்கு நுனி சிவந்து, நிமிர்ந்து "குட் மோர்னிங்" என்றான். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீட்டுக்கு வந்து, கீழே ஆமி நிற்கிறது என்றேன். அக்கா ஒன்றும் பேசாமல் போய் ஜன்னல் சீலையை இழுத்து மூடினாள். பதினாலாம் மாடியில்!

சரி, வழக்குக்கு வருவோம்.

சில வருடங்களுக்கு முன் எனக்குப் பொறுமை போய், பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். அந்த மாதத்தில் நிலத்தில் நின்ற ஸ்னோவின் உச்ச ஆழம் 65 சென்ரிமீற்றர். அத்தான் ஐந்தரை அடி ஆள். 65 என்றால் அவருக்குத் தொடை, நெஞ்சு அல்ல. நத்தார் விருந்தில் எல்லாருக்கும் முன்னால் அறிவித்தேன். வெற்றி என்று நினைத்தேன். அத்தான் அசரவில்லை. எழும்பி நின்று வழக்கம்போல நெஞ்சில் கையை வைத்தார்.

அப்போது என் மகள், பதினொரு வயது, தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்து, நிலத்திலிருந்து அவர் கைவரை பிடித்தாள். 119.

எனக்குள் ஏதோ விழுந்தது. ஏனென்றால் அதே பதிவில் இன்னொரு இலக்கமும் இருந்தது. 99 ஜனவரி மாதம் முழுவதும் விழுந்த ஸ்னோவின் மொத்தம்: 118.4 சென்ரிமீற்றர். ஒரு முழு வின்ரருக்கு வேண்டியதில் பெரும்பகுதி இரண்டு கிழமைக்குள் விழுந்தது. ரொறன்ரோ நகரில் எந்த ஜனவரிக்கும் அதுதான் சாதனை. மறைத்திருக்கலாம். மகள் பார்த்துக்கொண்டிருந்தபடியால் சொன்னேன். அத்தான் அன்று சாப்பிட்ட கொத்துரொட்டிக்குக் கணக்கே இல்லை.

118.4 விழுந்தது, 65தான் நின்றது. மிச்சம் எங்கே போனது? பெரும்பாலும் எங்கும் போகவில்லை, அமர்ந்துவிட்டது. புதிதாக விழும் ஸ்னோவில் பெரும்பங்கு காற்று. பத்து சென்ரிமீற்றர் ஸ்னோவைக் கரைத்தால் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் என்பது பொதுவான வாய்ப்பாடு. நல்ல குளிரில் விழும் பஞ்சு ஸ்னோ என்றால் இன்னும் குறைவாகவே தேறும். மேலே அடுத்தது விழ விழ, கீழே இருப்பது நசுங்கும். அரிசி மூட்டையைத் தட்டித் தட்டி அடுக்கும் கதைதான். ஆகவே "எவ்வளவு ஸ்னோ" என்ற கேள்விக்குக் குறைந்தது இரண்டு பதில் உண்டு. விழுந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: தள்ளிக் குவித்தது எவ்வளவு. அம்மாவுக்கு அனுப்பிய அந்தப் படத்தை இப்போது பார்த்தால், நான் நிற்பது, தெருவில் ஸ்னோவைத் தள்ளும் பிளவ் வண்டி ஒதுக்கிவிட்ட குவியலுக்குப் பின்னால். தலையும் தோளும்தான் தெரிகிறது. அத்தான் அதையும் ஒரு சான்றாக வைத்திருக்கிறார்.

விழுந்ததை அளக்கும் முறை கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு பலகை, ஒரு அடிமட்டம். காற்று அதிகம் படாத இடத்தில் வெள்ளைப் பலகையை வைத்து, அதன்மேல் விழுந்ததை அளந்து, துடைத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். எத்தனை மணிக்கு ஒருமுறை துடைப்பது என்பதில்தான் வில்லங்கம். மணிக்கு மணி துடைத்தால் ஸ்னோ அமர நேரம் இருக்காது, கூட்டுத்தொகை ஏறும். நாள் முடிவில் ஒருமுறை மட்டும் அளந்தால் குறையும். அமெரிக்காவில் ஆறு மணிக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் கூடாது என்பது விதி.

இந்த விதியால் ஒரு சாதனையே போயிருக்கிறது, அதுவும் எங்கள் ஒன்ராறியோ ஏரியின் அக்கரையில். நியூ யோர்க் மாநிலத்தில் மொன்ரகியூ என்று ஒரு சிற்றூர். குளிர்காற்று உறையாத ஏரியைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு போய் அந்தக் கரையிலும் அதற்கப்பால் உள்ள மேட்டு நிலத்திலும் கொட்டும். வடமேற்குக் காற்று எங்களை உலர்த்திவிட்டு அவர்களை மூடும். 1997 ஜனவரி 11, 12இல் அந்த ஊரில் 24 மணித்தியாலத்தில் 77 அங்குலம் என்று அளந்தார்கள். கொலராடோவின் சில்வர் லேக்கில் 1921 ஏப்ரலில் பதிவான 75.8 அங்குலத்தை அது தாண்டியது. உலகச் செய்தி! பிறகு குழு ஒன்று கூடி ஆராய்ந்து, அளந்தவர் நாலு தரத்துக்குப் பதிலாக ஆறு தரம் அளந்திருக்கிறார் என்று சொல்லித் தள்ளுபடி செய்துவிட்டது. நடுச்சாமத்தில் அந்தக் குளிருக்குள் ஆறு தரம் வெளியே போய் வந்த மனிதரை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. சோம்பேறியாக இருந்திருந்தால் சாதனை நின்றிருக்கவும் கூடும்.

நியூ யோர்க் நகரத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2016 ஜனவரிப் புயலில் சென்ரல் பார்க்கில் 26.8 அங்குலம் என்றார்கள். 2006இன் 26.9ஐ மயிரிழையில் தவறவிட்டது என்று எழுதினார்கள். மூன்று மாதம் கழித்து மீளாய்வு செய்ததில், தகவல் பரிமாறியதில் பிழை, உண்மையில் 27.5 என்று வந்தது. வசந்தகாலத்தில், ஸ்னோ எல்லாம் கரைந்தபின் கிடைத்த சாதனை. அதே மீளாய்வில் பக்கத்து நுவார்க்கின் 28.1 தள்ளுபடி. அங்கே அடிக்கடி அளந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் அத்தானிடம் சொன்னால், "அப்ப 99இலை ஆர் எத்தினை தரம் துடைச்சவங்கள் எண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்கிறார். நல்ல கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன்.

2004இல் ஸ்காபுரோவில் வீடு வாங்கினோம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவி எங்கள் வழக்கைக் கேட்டு வேலியில் கையூன்றிச் சிரித்தார். "99 ஒரு புயலா?" அவருக்கு 1944. டிசெம்பர் 11, திங்கட்கிழமை, அவருக்கு ஒன்பது வயது. அன்று ஒரே நாளில் 48 சென்ரிமீற்றர். இரண்டு நாளிலும் சேர்த்து 57.2. ரொறன்ரோ நகரத்தில் ஒரு புயலென்று எடுத்தால் 99 அதற்குக் கிட்டவும் போகாது. போர்க்காலம், வெடிமருந்துத் தொழிற்சாலைகள்கூட மூடிக் கிடந்தன. பாலும் எரிபொருளும் வீட்டுக்கு வரவில்லை. குயீன் வீதியில் ஒரு ட்ராம் வண்டி கவிழ்ந்து ஒருவர் இறந்தார். மொத்தம் 21 பேர் இறந்தார்கள், அதில் 13 பேர் உடம்பை வருத்தியதால். கிழவி சொன்னது இது ஒன்றும் இல்லை. தன் தகப்பன் சமையலறைக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாராம். நாலு அடி நடந்து, கதிரையைப் போட்டு இருந்து, திரும்ப நாலு அடி. அவருக்கு நெஞ்சுக் கோளாறு. போகாமல் இருக்கலாமே என்று கேட்டேன். "சம்பளம்?" என்றார்.

அந்த 57.2 என்ற இலக்கத்தைக் கவனியுங்கள். யார் அடிமட்டத்தில் 57.2 வாசிப்பார்கள்? அது 22 அரை அங்குலம். கனடாவில் ஸ்னோவைச் சென்ரிமீற்றரில் சொல்லத் தொடங்கியது 1975இல்தான். அதற்கு முந்தியது எல்லாம் அங்குலத்தில் வாசித்து, பிறகு மொழிபெயர்த்தது. மொன்றியலில் 1971 மார்ச் 4ஆம் திகதிப் புயலின் ஒருநாள் கணக்கு 43.2. திருப்பிப் போட்டால் சரியாக 17 அங்குலம். 2012 டிசெம்பர் 27இல் அதே ஊரில் 45 விழுந்து அதை முறியடித்தது என்றார்கள். பழைய ஆட்கள் விடவில்லை, 71இல் விழுந்தது 47 என்றார்கள். இரண்டு பக்கமும் பிழை இல்லை. 47 என்பது புயலின் மொத்தம், 43.2 என்பது ஒரு நாளின் கணக்கு. நள்ளிரவில் நாள் மாறுகிறது என்பது ஸ்னோவுக்குத் தெரியாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் புயலுக்குச் சாதனையில் இடம் கிடைப்பது கஷ்டம்.

இடத்தையும் பார்க்க வேண்டும். ரொறன்ரோ நகருக்குள் வானிலைப் பதிவு 1840இலிருந்து இருக்கிறது. விமான நிலையத்தில் 1937இலிருந்துதான். தொலைக்காட்சியில் "வரலாறு காணாத" என்று சொல்லும்போது எந்த வரலாறு என்று கேளுங்கள். 2007-08 வின்ரரில் விமான நிலையத்தில் 194 சென்ரிமீற்றர் வரை வந்து, 1938-39இன் 207.4ஐ எட்டாமலே முடிந்தது. அந்த மார்ச் மாதம் எனக்கு நல்ல ஞாபகம். இடுப்பு முறிய முறியத் தள்ளிய பிறகு, இன்னும் 13 சென்ரிமீற்றர் விழாதா என்று காத்திருந்த மடையன்களில் நானும் ஒருவன். இவ்வளவு பட்டதற்கு ஒரு சாதனையாவது கையில் கிடைக்க வேண்டாமா? ஏப்ரல் வந்து மழை பெய்து எல்லாவற்றையும் கெடுத்தது.

இன்னும் ஒன்று. மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் ராற்சா ஏரி என்ற இடத்தில் 1999 பெப்ரவரி 11ஆம் திகதி ஒரே நாளில் 145 சென்ரிமீற்றர் விழுந்தது. கனடாவின் ஒருநாள் சாதனை அதுதான். நாங்கள் இராணுவத்தைக் கூப்பிட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை! ரொறன்ரோ ஒரு மாதம் முழுக்கப் பட்டதை அங்கே ஒரு நாள் தாண்டியது. அதைப் பற்றி யாரும் விருந்துகளில் கை வைத்துக் காட்டுவதில்லை, அங்கே அவ்வளவு ஆட்கள் இல்லை. மறுபக்கம், 1977 ஜனவரிக் கடைசியில் அமெரிக்காவின் பஃபலோ நகரை நாட்கணக்கில் முடக்கிய புயலில் புதிதாக விழுந்தது ஏறக்குறைய ஓரடிதான். உறைந்திருந்த ஈரி ஏரியின் மேல் வாரக்கணக்காகக் கிடந்த ஸ்னோவைக் காற்று வாரிக்கொண்டுவந்து ஊரை மூடியது. பலகையும் அடிமட்டமும் அந்தப் புயலைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

2025 பெப்ரவரியில் ரொறன்ரோவுக்குத் திரும்பவும் 99 ஆசை வந்தது. பத்து நாளுக்குள் மூன்று தரம், ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாம் சேர்த்து அரை மீற்றருக்கு மேல். குடும்ப நாள் விடுமுறையோடு வந்த நீண்ட வார இறுதியில் அக்காவும் அத்தானும் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். அத்தானுக்கு அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் அடைப்பு எடுத்தது. ஷவலைத் தொடக்கூடாது என்பது வைத்தியர் கட்டளை, அக்காவின் கட்டளை அதைவிடக் கடுமை. ஆகவே அவர் ஜன்னலடியில் நின்று எனக்கு வழி சொன்னார். வாசலை ஒருமுறை வழித்து முடிக்க, பிளவ் வண்டி வந்து வாசல் முகப்பில் ஒரு கட்டிச் சுவரை எழுப்பிவிட்டுப் போனது. அவர் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து வண்டிக்காரனை நோக்கிக் கையாட்டித் திட்டுவது தெரிந்தது, கேட்கவில்லை.

மகளுக்கு அப்போது பதினாலு வயது. முதல் நாள் இரவே பின்வளவில், வேலிக்கும் கராஜுக்கும் நடுவில், வெள்ளை பூசிய ஒட்டுப்பலகை ஒன்றை வைத்து, நாலு மூலையிலும் தடி நட்டிருந்தாள். தொலையாமல் இருக்க. ஞாயிறு பின்னேரம் அளக்கப் போகும்போது, நானும் வருகிறேன் என்று அத்தான் என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அக்கா கதவடியில் காவல் நின்றாள். ஸ்னோ நின்றிருந்தது, காற்று மட்டும். அடிமட்டத்தை நேராக இறக்கி, அது பலகையில் முட்டும் சின்னச் சத்தம் வந்ததும் மகள் குனிந்து பார்த்தாள். மூன்று இடத்தில் பார்த்தாள். 22, 23, 21.

"இருபத்திரண்டு," என்றாள்.

"இருபத்திமூண்டு எண்டு போடு, பிள்ளை," என்றார் அத்தான். "ஒரு அணில் ஓடி அமத்திப்போட்டுது. அந்தா தடம்."

உண்மையாகவே ஒரு மூலையில் அணில் தடம் இருந்தது. மகள் கையுறையைக் கழற்றி, கொப்பியில் 22 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக "அணில்" என்றும் எழுதினாள். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, தன் தொடையில் கையை வைத்து அந்த உயரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை மெல்ல மேலே கொண்டுபோனார்.

"அத்தான், உள்ளுக்கு வாங்கோ," என்றேன். "குளிருது."